ஆயுதம் களைந்த பாளைய நாடு: கயத்தாறும் போரற்ற உலகம் பற்றிய அறிவியல் புனைவும்

திருநெல்வேலிச் சீமைப் பாளையங்களின் ஆயுதக் களைவு (1799-1801) என்பது, கயத்தாறில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதில் தொடங்கி, மதராஸ் கவர்னர் எட்வர்ட் கிளைவ் 1801 டிசம்பர் 1 அன்று வெளியிட்ட பிரகடனத்தில் முடிந்த நிகழ்வுகளின் தொடர். ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் போரையே தொழிலாகவும் நிர்வாக முறையாகவும் கொண்டிருந்த ஒரு நிலப்பகுதி, இரண்டே ஆண்டுகளில் கோட்டைகளையும் துப்பாக்கிகளையும் இழந்து வரி செலுத்தும் ஜில்லாவாக மாறியது. அதன் பிறகு அங்கே ஒரு பாளையம் இன்னொரு பாளையத்தின் மேல் படையெடுத்ததில்லை.

ஒரு நாகரிகம் போரைக் கடந்து வளர முடியுமா என்பது அறிவியல் புனைவு நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி. எச்.ஜி. வெல்ஸ், ஆர்தர் சி. கிளார்க், உர்சுலா லெ குவின் முதலியோர் கற்பனை உலகங்களை அமைத்து இதைச் சோதித்துப் பார்த்தனர். கயத்தாறைச் சுற்றிய கரிசல் நிலத்தில் அந்தச் சோதனை கற்பனையில் அல்லாமல் நிஜமாகவே நடந்தது. ஆகவே அப்புனைவுகளையும் இந்த வரலாற்றையும் சேர்த்துப் பார்ப்பது இரண்டையும் புரிந்துகொள்ள உதவும்.

பாளையம் என்னும் அமைப்பு

பாளையம் என்ற சொல்லுக்கே படை தங்கும் இடம் என்றுதான் பொருள். பதினாறாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் ஆட்சியை நிறுவிய விசுவநாத நாயக்கரும் அவருடைய தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டை 72 பாளையங்களாகப் பிரித்தனர் என்பது மரபு. பாளையக்காரர் தன் எல்லைக்குள் வரி தண்டுவார், வழக்குத் தீர்ப்பார், ஒரு பகுதியை மேலே கட்டுவார், அழைத்தால் படையுடன் வருவார். அவரிடமிருந்த வீரர்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் மானிய நிலம். அமைதிக் காலத்தில் அவர்கள் உழவர்கள், முரசு கேட்டால் வீரர்கள்.

இதனுடன் காவல் முறையும் இணைந்திருந்தது. ஊர்க்காவல், தேசகாவல் என இரு வகை. காவல்காரர் ஊரின் பயிரையும் மாட்டையும் காப்பார். களவு போனால் கண்டுபிடித்துத் தரவேண்டும், இல்லையேல் ஈடு கொடுக்கவேண்டும். அதற்கு ஊர் அவருக்குத் தானியமும் பணமும் தரும். கம்பெனியின் கலெக்டர் லூஷிங்டன் இந்தத் தேசகாவலைக் குடிகள் மேல் சுமத்தப்பட்ட கொள்ளை என்றே எழுதினார். அந்த வரும்படியைத் தன் பக்கம் திருப்ப விரும்பிய அரசின் அதிகாரி அவர் என்பதையும் சேர்த்தே அந்தக் கருத்தைப் படிக்கவேண்டும். ஆனால் காவல் கூலி கொடுக்க மறுத்த ஊரில் களவு பெருகியதும் உண்மை. காப்பவரிடமிருந்தே காத்துக்கொள்ளக் கூலி கொடுக்கும் நிலை பல ஊர்களில் இருந்தது.

பாளையங்களுக்கிடையே சண்டைகள் ஓயாமல் நடந்தன. எல்லை, கப்பம், மாடு, மரியாதை என்று காரணங்கள் பல. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் இருந்த எல்லைப் பகை கட்டபொம்மன் காலத்துக்கு முந்தையது. ஆனால் இச்சண்டைகளின் நோக்கம் சிறியது. தோற்ற பாளையம் கப்பம் கட்டும், கொஞ்சம் நிலத்தை விடும், அடுத்த தலைமுறையில் திரும்ப வாங்கும். எதிரியின் பெயரே இல்லாமல் செய்வது என்ற எண்ணம் இந்தச் சண்டைகளில் இருந்ததாகத் தெரியவில்லை. அது கம்பெனியுடன் வந்தது.

கயத்தாறு, 1799 அக்டோபர் 16

கயத்தாறு இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், மதுரை-திருநெல்வேலி நெடுஞ்சாலையில், கோவில்பட்டிக்கும் திருநெல்வேலிக்கும் இடையே உள்ள ஊர். பிற்காலப் பாண்டியரின் ஒரு கிளைக்கு இருக்கையாக இருந்தது.

1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். முதல் தாக்குதல் தோற்றது. மேலும் படை வருவதறிந்து கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். புதுக்கோட்டைத் தொண்டைமான் அவரைப் பிடித்து ஒப்படைத்தார். பானர்மேன் திருநெல்வேலிச் சீமையின் பாளையக்காரர்களைக் கயத்தாறுக்கு வரவழைத்து, அவர்கள் முன்னிலையில் விசாரணை நடத்தி, அன்றே தூக்கிலிட்டார். புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டதாக மரபு.

மறுநாள் பானர்மேன் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் பாளையக்காரர் வரலாற்றின் முக்கியமான ஆவணங்களில் ஒன்று. விசாரணை முழுவதும் கட்டபொம்மன் அச்சமின்றி நின்றதையும், எட்டயபுரம் பாளையக்காரரை இகழ்ச்சியோடு நோக்கியதையும், தூக்குமேடைக்குச் செல்லும்போது இருபுறமும் நின்ற பாளையக்காரர்களை வெறுப்புடன் பார்த்தபடி உறுதியாக நடந்ததையும் அவர் பதிவு செய்கிறார். தண்டனை கொடுத்தவரே எழுதியது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம்.

அன்று அங்கே நடந்தது ஒருவரின் தண்டனை மட்டுமல்ல. கூடி நின்ற பாளையக்காரர்கள் அனைவருக்கும் அது ஓர் அறிவிப்பு. பாஞ்சாலங்குறிச்சி, நாகலாபுரம், ஏழாயிரம்பண்ணை, கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்கள் பறிமுதல் செய்யப்பட்டன. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் உத்தரவு பிறந்தது. போரிடும் உரிமை இனி ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பது அதன் பொருள்.

இடித்த கோட்டை எழுந்தது

அந்த உத்தரவு ஒன்றரை ஆண்டுகூட நிலைக்கவில்லை. 1801 பிப்ரவரி 2 அன்று கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். தரைமட்டமாக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டைக்கு மேஜர் மெக்காலேயின் படை வந்து சேர்ந்தபோது அங்கே ஒரு கோட்டை நின்றுகொண்டிருந்தது. சில நாட்களில் ஊர்மக்கள் கூடி மண்ணைக் குழைத்து எழுப்பியது அது. ஒளித்து வைக்கப்பட்ட ஆயுதங்களும் வெளியே வந்தன. மார்ச் 31 அன்று மெக்காலேயின் தாக்குதல் பெரும் இழப்புடன் தோற்றது. மண்சுவர் பீரங்கிக் குண்டை வாங்கிக்கொண்டதே தவிர இடிந்து விழவில்லை. கர்னல் அக்னியூ கூடுதல் படையுடனும் பெரிய பீரங்கிகளுடனும் வந்து, மே 24 அன்று கோட்டையைப் பிடித்தார்.

இந்தப் போரில் பங்கேற்ற ஜேம்ஸ் வெல்ஷ் பின்னர் 1830-ல் தன் படை நினைவுகளை நூலாக வெளியிட்டார். காயமடைந்து கிடந்த ஊமைத்துரையை ஒரு பெண் மீட்டு, அம்மை கண்டு இறந்த உடல் எனத் துணியால் மூடித் தேடிவந்தவர்களிடமிருந்து காப்பாற்றிய செய்தி அதில் உள்ளது. பாளைய நாட்டில் போர் என்பது வீரர்களின் வேலை மட்டுமாக இருக்கவில்லை என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

வெல்ஷ் இன்னொன்றும் சொல்கிறார். மதுரையில் பணியாற்றிய காலத்தில் அவருக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் முதலில் கற்றுக்கொடுத்தவர் சிவகங்கையின் சின்ன மருது. 1801-ல் வெல்ஷ் அதே சின்ன மருதுவுக்கு எதிரான படையில் இருந்தார். ஊமைத்துரைக்கு மருது சகோதரர்கள் அடைக்கலம் கொடுத்தனர். ஜூன் 16 அன்று திருச்சியில் கம்பெனிக்கு எதிரான அறிக்கை ஒட்டப்பட்டது. அக்டோபர் 1 அன்று காளையார்கோயில் வீழ்ந்தது, 24 அன்று மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். நவம்பர் 16 அன்று ஊமைத்துரைக்குப் பாஞ்சாலங்குறிச்சியிலேயே மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. வரலாற்றாசிரியர் கே. ராஜய்யன் இந்த எழுச்சியை முதல் விடுதலைப் போர் என்று மதிப்பிடுகிறார்.

இம்முறை கோட்டை இருந்த இடம் உழப்பட்டு ஆமணக்கு விதைக்கப்பட்டது. பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயரே ஜில்லாவின் பதிவேடுகளிலிருந்து நீக்கப்பட்டது. பதினைந்து நாட்கள் கழித்து வெளியான கிளைவின் பிரகடனம் ஆயுதங்களைத் தடைசெய்து, பதிலுக்கு மன்னிப்பும் நிலையான வரியும் சட்டத்தின் பாதுகாப்பும் வாக்களித்தது. பாளையக்காரர்கள் ஜமீன்தார்கள் ஆயினர்.

மேலிருந்து வரும் அமைதி

போரை ஒழித்த உலகைக் கற்பனை செய்த புனைவுகளில் பெரும்பாலானவை கிளைவின் வழியையே தேர்ந்துள்ளன என்பது வியப்பளிக்கும். மனிதர்கள் தாங்களே திருந்திப் போரைக் கைவிடுவதாக எழுதியவர்கள் குறைவு. எல்லாரையும் விட வலுவான ஒரு சக்தி வந்து ஆயுதங்களைப் பறித்துவிடுகிறது.

வெல்ஸ் 1914-ல் எழுதிய நாவலில் அணுகுண்டுகள் நகரங்களை அழித்த பிறகே உலக அரசு தோன்றுகிறது. 1933-ல் அவர் எழுதிய வருங்கால வரலாற்றில், சிதைந்துபோன உலகை விமானிகளின் சர்வாதிகாரம் ஒன்றிணைக்கிறது. போரை ஒழிக்க வந்தவர்கள் வானிலிருந்து குண்டும் மயக்க வாயுவும் வீசுகிறார்கள். 1951-ல் வந்த ‘தி டே தி எர்த் ஸ்டூட் ஸ்டில்’ திரைப்படத்தில் வேற்றுலக நாகரிகங்கள் தங்கள் காவல் பொறுப்பை ரோபோக்களிடம் விட்டுவிட்டன. தாக்குபவர் யாராயினும் அவை அழிக்கும்.

இந்த வகையின் உச்சம் ஆர்தர் சி. கிளார்க் 1953-ல் வெளியிட்ட ‘சைல்ட்ஹூட்ஸ் எண்ட்’. பூமியின் பெருநகரங்கள் மேல் வேற்றுலகக் கலங்கள் வந்து நிற்கின்றன. ஒரு நாடு அணு ஏவுகணையை வீசிப் பார்க்கிறது. எதுவும் ஆகவில்லை, பதிலடியும் இல்லை. எதிர்ப்பு அர்த்தமிழந்து விடுகிறது. போர் நிற்கிறது, வறுமை நீங்குகிறது, பொற்காலம் வருகிறது. கூடவே கலையும் அறிவுத்தேடலும் சோர்ந்துபோகின்றன. அந்த வேற்றுலகத் தலைவன் காரெல்லன், தான் வகுக்காத ஒரு காலனியக் கொள்கையை நிறைவேற்றும் சாதாரண அரசு ஊழியன் மட்டுமே என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறான். லூஷிங்டன் வாயிலிருந்து வந்திருந்தாலும் பொருத்தமாகவே இருந்திருக்கும். கலெக்டருக்கு மேலே கவர்னர், அவருக்கு மேலே லண்டனில் கம்பெனி இயக்குநர்கள். காரெல்லனுக்கும் மேலே ஒன்று இருக்கிறது.

தமிழில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ இதே கேள்வியை வேறு திசையிலிருந்து அணுகுகிறது. ஜீவா என்ற தலைவனின் ஆணைக்கு எல்லாரும் கட்டுப்பட்ட, பெயர் வைப்பது முதல் பிள்ளை பெறுவது வரை அரசு தீர்மானிக்கும் வருங்கால இந்தியா. அங்கே ஒழுங்கு இருக்கிறது. தலைவனே ஒளியால் ஆன பிம்பம் என்பது பின்னர் தெரியவருகிறது.

பொற்காலத்தின் சோர்வு என்ற கிளார்க்கின் ஊகத்துக்குப் பாளைய நாட்டில் ஒப்பீடு உண்டு. இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த கால்டுவெல், 1881-ல் வெளியான திருநெல்வேலி வரலாற்று நூலில், தன் காலத்துச் சாதுவான ஜமீன்தார்கள் மூன்று நான்கு தலைமுறைக்கு முந்தைய அஞ்சத்தக்க பாளையக்காரர்களின் வாரிசுகள் என நம்புவதே கடினம் என்று வியக்கிறார். அடுத்த ஆண்டு எட்டயபுரத்தில் பிறந்து, அதே ஜமீன் அவையில் பணியாற்றிய பாரதி, முற்றுப்பெறாத ‘சின்னச் சங்கரன் கதை’யில் கற்பனை ஜமீன் ஒன்றைச் சித்திரிக்கிறார். ஜமீன்தாருக்கு மார்த்தாண்ட, சண்டப் பிரசண்ட என்று நீளும் போர்க்காலப் பட்டங்கள் இருக்கின்றன, செய்வதற்கு வேலைதான் இல்லை. கால்டுவெல் வியந்த இடத்தில் பாரதி சிரித்தார்.

ஆயுதம் போன பின்

இந்த அமைதி பொய்யானதல்ல. அறுவடைக் காலத்தில் பக்கத்துப் பாளையத்தின் படை வந்து கதிரை அழிக்கும் அச்சம் உழவனுக்கு இல்லாமல் போனது. கரிசலில் பருத்தி பெருகியது. 1876-ல் தூத்துக்குடிக்கு ரயில் வந்தபின் அது துறைமுகத்துக்கு எளிதாகச் சென்றது. பாளையக் காலத்தைப் பொற்காலமாக எழுதுபவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

ஆனால் போர் எங்கும் போய்விடவில்லை, இடம் மாறியது. பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்த மதராஸ் படை தன் ஆயுதங்களை வைத்திருந்தது. அது 1803-ல் மராட்டியர்களுடனும், 1809-ல் திருவிதாங்கூரின் வேலுத்தம்பியுடனும், 1824-ல் பர்மாவிலும் போரிட்டது. ஆரல்வாய்மொழிக் கோட்டை வரிசையைத் தாக்கிப் பிடித்தவர், சின்ன மருதுவிடம் வளரி கற்ற அதே வெல்ஷ். ஒரு ஜில்லாவுக்குள் போர் இல்லாமல் போனது, ஒரு பேரரசின் எல்லையில் போர் தொடர்வதற்குத் துணையாக நின்றது.

உள்ளூரிலும் எச்சம் இருந்தது. தேசகாவல் உரிமை பறிக்கப்பட்டது. ஆனால் ஊர்க்காவல் இருபதாம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. களவு போன மாட்டைத் திரும்பப் பெறத் துப்புக்கூலி கொடுக்கும் வழக்கமும் உடன் தொடர்ந்தது. ஒரு காலத்தில் காவல், படை என்று மதிக்கப்பட்ட தொழில் புதிய சட்டத்தின் கண்ணில் குற்றமானது. 1911-ல் குற்றப்பரம்பரைச் சட்டம் மதராஸ் மாகாணத்துக்கு வந்தபோது, பாளையங்களுக்காகப் போரிட்ட சமூகங்கள் சில பிறப்பிலேயே குற்றவாளிகளாகப் பதியப்பட்டன. மதராஸில் அச்சட்டம் 1947-ல்தான் நீங்கியது. போரைக் கைவிடச் சொன்ன அரசு, போர்வீரனுக்கு வேறு மரியாதையான இடம் எதையும் காட்டவில்லை.

கயத்தாறுக்கு அருகிலுள்ள கழுகுமலையில் 1895-ல் கோயில் விழாவையொட்டி வீதி உரிமை குறித்து எழுந்த பூசல் உயிர்களைப் பலிகொண்டது. 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் திரண்ட அந்தத் தாக்குதலில் நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. அங்கே பாளையக்காரர் இல்லை, கோட்டை இல்லை, பிரகடனத்தால் தடுக்கக்கூடிய பீரங்கி இல்லை. ஊர் ஊராக ஆள் திரட்டும் பழக்கமும், யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்ற பழைய படிநிலையும் மட்டும் எஞ்சியிருந்தன. பஞ்சாயத்து உரிமைகளும் வணிகமும் கல்வியும் மாறத் தொடங்கிய காலத்தில் அவை மோதின.

உர்சுலா லெ குவின் 1969-ல் வெளியிட்ட ‘தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்’ இந்த இடத்தில் பொருந்தி வருகிறது. அவர் படைத்த கெத்தன் என்னும் பனி உலகில் போர் என்பது நடந்ததே இல்லை. ஆனால் கொலை உண்டு, குடும்பப் பகை உண்டு, மாட்டுச் சண்டை போன்ற சிறு மோதல்கள் உண்டு. மக்களைப் பெரும் எண்ணிக்கையில் திரட்டும் அரசுகள் உருவாகத் தொடங்கும்போதுதான் எல்லைப் பள்ளத்தாக்கு ஒன்றின் பெயரால் முதல் போரின் நிழல் விழுகிறது. வன்முறையும் போரும் ஒன்றல்ல என்கிறது அந்நாவல். கரிசல் நாட்டில் போர் போனது, வன்முறை போகவில்லை. கெத்தனில் வன்முறை இருந்தது, போர் வரப் பார்த்தது. கம்பெனி பறித்தது ஆயுதத்தை. லெ குவின் கேட்பது, மனிதர்கள் அந்நியரை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதை.

மன்னார் வளைகுடாவின் அக்கரை

‘சைல்ட்ஹூட்ஸ் எண்ட்’ வெளியான மூன்றாண்டுகளில், 1956-ல், கிளார்க் இலங்கையில் குடியேறினார். ஆழ்கடல் நீச்சலில் பெருவிருப்பம் கொண்டவர். திருகோணமலைக் கடலடியில் கோணேசர் கோயிலின் மூழ்கிய பகுதிகளைக் கண்டவர்களில் ஒருவர். தூத்துக்குடியிலிருந்து முத்துக்குளிக்கும் கடலைத் தாண்டினால் அடையக்கூடிய தீவு அது. போரை ஒரே நாளில் நிறுத்தும் வானவர்களைக் கற்பனை செய்தவர், தன் வாழ்நாளின் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளை உள்நாட்டுப் போர் நடந்த நாட்டில் கழித்தார்.

2007 டிசம்பரில் தன் 90-ஆம் பிறந்தநாளையொட்டி மூன்று விருப்பங்களைச் சொன்னார். வேற்றுலக உயிருக்கான சான்று ஒன்று, எண்ணெயைச் சார்ந்திராத தூய ஆற்றல் இன்னொன்று. மூன்றாவது, இலங்கையில் நிலையான அமைதி. அமைதி வெறுமே விரும்புவதால் வராது, அதற்குக் கடும் உழைப்பும் துணிவும் விடாமுயற்சியும் வேண்டும் என்ற பொருளில் பேசினார். காரெல்லனை எழுதியவரின் கடைசிக் கருத்து காரெல்லனிடமிருந்து வெகுதூரம் வந்திருந்தது. 2008 மார்ச் 19 அன்று கொழும்பில் இறந்தார். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது, மேலிருந்து வந்த ஒரு தரப்பின் முழு வெற்றியாக.

நீக்கப்பட்ட பெயர்

கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல் இட்டுச் சென்றதாகவும், அது குவியலாக வளர்ந்ததாகவும் ஒரு மரபு உண்டு. கதைப்பாடல்கள் கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம் வட்டாரங்களில் பாடப்பட்டன, பிற்காலத்தில் நா. வானமாமலை அவற்றைப் பதிப்பித்தார். ம.பொ. சிவஞானம் கட்டபொம்மனை விடுதலை வீரராக எழுதினார். தமிழ்வாணன் ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என்றே தலைப்பிட்டு மறுத்து எழுதினார். காவல் கூலியைப் பற்றிய லூஷிங்டனின் பழைய வாதம் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் தமிழிலேயே மீண்டும் எழுந்தது எனலாம்.

1959-ல் பி.ஆர். பந்துலு இயக்கிய ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வெளியானது. அதில் நடித்த சிவாஜி கணேசன் பின்னர் கயத்தாறில் நிலம் வாங்கிக் கட்டபொம்மனுக்குச் சிலை எழுப்பினார். கயத்தாறைச் சுற்றிய வெட்டவெளியில் இன்று காற்றாலைகள் நிற்கின்றன. பதிவேடுகளிலிருந்து நீக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் அரசுக் கணக்கில் உள்ள ஊர். ஆமணக்கு விதைக்கப்பட்ட அவ்வூரில் 1974-ல் தமிழக அரசு ஒரு நினைவுக் கோட்டையைக் கட்டியது. ஒட்டப்பிடாரத்துக்கு அருகே 1801-ல் இறந்த கம்பெனிப் படையினரின் கல்லறைகளும் உள்ளன.